இரண்டு சீட்டு, மூன்றாவது நாடு

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. டுபாயிலோ டோஹாவிலோ பிராங்பேர்ட்டிலோ லண்டனிலோ இறங்கி மாறித்தான் போகவேண்டும். கிளிநொச்சி நகருக்கு மேற்கே, அக்கராயன்குளத்தை அண்டிக் கிடக்கும் ஸ்கந்தபுரத்தில் இது யாருக்கும் புதிய செய்தியல்ல. வன்னியின் மற்றக் கிராமங்களைப் போல இங்கும் மகன் கனடாவில், மகள் சுவிஸில், பெறாமகன் பாரிஸில் என்று பிரிந்து வாழும் குடும்பங்கள் உண்டு. பேரப்பிள்ளை பிறந்தாலும் வீட்டில் ஒரு கலியாணம் என்றாலும் தாய் தகப்பன் போய்வர வேண்டும். வவுனியாவிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்கு அலைந்து கடவுச்சீட்டு எடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து கனடிய விசாவும் கைக்கு வந்தபின், இனி ரிக்கெற் போடுவது மட்டும்தானே என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சிக்கல் ரிக்கெற்றில்தான் இருக்கிறது.

ஒரு கற்பனைப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்கார்பரோவில் இருக்கும் மகன் இணையத்தில் தேடுகிறான். கொழும்பு முதல் ரொறன்ரோ வரை ஒரே முன்பதிவாகப் போட்டால் ஒரு விலை. டோஹா வழியாக பிராங்பேர்ட் வரை ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து ரொறன்ரோவுக்கு வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியாகப் போட்டால் அதைவிட நல்ல மலிவு. “அம்மா, இடையில அஞ்சு மணித்தியாலம் இருக்கு, ஆறுதலா மாறலாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்று சொல்லிக் காசைக் கட்டிவிடுகிறான்.

முதல் வகைச் சீட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே பொதியில் ரொறன்ரோ என்ற பட்டி ஒட்டப்படும். போடிங் பாஸ்களையும் பெரும்பாலும் அங்கேயே ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். அம்மா பிராங்பேர்ட்டில் இறங்கி, அம்புக்குறிகளைப் பார்த்து நடந்து, அடுத்த வாயிலில் போய் உட்கார்ந்தால் போதும். இரண்டாவது வகையில் பொதி பிராங்பேர்ட் வரைதான் பதியப்படும். சில நிறுவனங்கள் தங்களுக்குள் உடன்பாடு வைத்திருக்கின்றன. வேறு சீட்டாக இருந்தாலும் பொதியைக் கடைசி ஊர் வரை பதிந்து தருகிறவை உண்டு. ஆனால் மலிவான இணைப்புகள் பெரும்பாலும் அப்படி உடன்பாடு இல்லாத நிறுவனங்களுக்கு இடையில்தான் கிடைக்கின்றன. பொதி வந்து சுற்றும் பட்டியோ குடிவரவு அதிகாரியின் மேசைக்கு அப்பால் இருக்கிறது. பெட்டியை எடுக்க வேண்டுமானால் ஜேர்மனிக்குள் நுழையவேண்டும். நுழைவதற்கு விசா வேண்டும். கனடாவுக்குப் புறப்பட்ட தாய், ஒரு பெட்டிக்காக ஜேர்மனிக்கு வந்தவளாகிவிடுகிறாள்.

கைப்பொதி மட்டும் கொண்டு போனால் இந்தச் சிக்கலின் பாதி தீரும். இரண்டாவது விமானத்தின் போடிங் பாஸை முன்கூட்டியே கைபேசியில் எடுத்துக்கொண்டோ, மாறுபயணிகளுக்கான மேசையில் கேட்டு வாங்கிக்கொண்டோ உள்ளேயே மாறிவிடலாம். ஆனால் மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பனங்கட்டியும் இல்லாமல் பிள்ளை வீட்டுக்குப் போ என்று சொன்னால் வன்னியில் எந்தத் தாய் கேட்பாள்?

எல்லையைக் கடக்காமல் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறுவதற்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஐரோப்பாவில் ஒரு விசா இருக்கிறது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விசாச் சட்டக்கோவை, 2009ஆம் ஆண்டின் 810ஆம் இலக்க ஒழுங்குவிதி, அதன் நான்காம் இணைப்பில் ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், கொங்கோ ஜனநாயகக் குடியரசு, எரித்திரியா, எத்தியோப்பியா, கானா, ஈரான், ஈராக், நைஜீரியா, பாகிஸ்தான், சோமாலியா, இலங்கை. இந்த 12 நாட்டவர்களும், தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஷெங்கன் நாடுகளின் விமான நிலையம் எதிலும் மாறுபயணப் பகுதியில் கால்வைப்பதற்கே ‘ஏ’ வகை விசா எடுக்கவேண்டும். கட்டணம் சாதாரண விசாவுக்கு உள்ளதுதான். 2024 ஜூன் முதல் 90 யூரோ.

அதே சட்டத்தின் மூன்றாம் உறுப்புரை சிலருக்கு விலக்குத் தருகிறது. கனடா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் செல்லுபடியாகும் விசாவை வைத்திருப்பவருக்கு ‘ஏ’ விசா தேவையில்லை. நமது கற்பனைத் தாயிடம் கனடிய விசா இருப்பதால் பிராங்பேர்ட்டின் மாறுபயணப் பகுதி அவருக்குத் திறந்தே இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் இரண்டு சீட்டு வாங்குகிறார்கள். “கனடா விசா இருந்தால் ஜேர்மனியில ட்ரான்சிற் விசா வேண்டாம்” என்பது முழு உண்மை. ஆனால் அந்த விலக்கு மாறுபயணப் பகுதியின் கதவோடு முடிந்துவிடுகிறது; கதவுக்கு அப்பால் சுற்றிக்கொண்டிருக்கும் பெட்டி வரை அது நீளாது. அதற்கு ‘சி’ வகை விசா, அதாவது வழக்கமான ஷெங்கன் விசா, வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஷெங்கன் நாடுகளுக்கு இடையிலான விமானம் சட்டத்தின்படி உள்நாட்டு விமானம். டோஹாவிலிருந்து பாரிஸுக்கு வந்து, பாரிஸிலிருந்து சூரிச்சுக்குப் போய், அங்கிருந்து ரொறன்ரோ என்று மலிவாக ஒரு பாதை கிடைத்தால், பாரிஸிலேயே ஷெங்கனுக்குள் நுழைந்தாகவேண்டும். பெட்டி ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஒரே சீட்டாக இருந்தாலும், ‘ஏ’ விசாவையே கையில் வைத்திருந்தாலும் இந்தப் பாதையில் போக முடியாது. சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆகவே அது வேறு கணக்கு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2008 டிசம்பரிலிருந்து சுவிஸும் ஷெங்கன்தான்.

அந்தப் பன்னிரண்டு பெயர்களில் இலங்கை எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குள் போனால் நம்மவர்களின் கதையே வருகிறது.

1980களின் நடுப்பகுதியில் தமிழ் அகதிகளுக்கு மேற்கு ஜேர்மனிக்குப் போக இருந்த பிரதான வழிகளில் ஒன்று கிழக்கு பெர்லின். சோவியத் விமானத்திலோ கிழக்கு ஜேர்மன் விமானத்திலோ ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினால், கிழக்கு ஜேர்மனி ஒரு மாறுபயண விசாவைக் கொடுத்து, பிரெட்றிக்ஸ்ட்ராசே நிலையத்தால் நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்கு அனுப்பிவிடும். மேற்குப் பக்கத்தில் சோதனை இல்லை. அங்கே சோதனை வைத்தால் பெர்லின் சுவரைச் சர்வதேச எல்லையாக ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மேற்கு ஜேர்மனி பார்த்தது. பனிப்போரின் இந்தச் சட்டச் சந்துக்குள்ளால் ஆயிரக்கணக்கான தமிழர்கள் போய்ச் சேர்ந்தார்கள். 1985 ஜூலையில், ஜேர்மனியின் இரு பகுதிகளுக்கும் இடையிலான வட்டியில்லா வர்த்தகக் கடன் எல்லை 850 மில்லியன் மார்க்காக உயர்த்தப்பட்டது. அதே காலத்தில், மேற்கு ஜேர்மனிக்கு விசா இல்லாத இலங்கையருக்கு மாறுபயண அனுமதி கொடுப்பதைக் கிழக்கு ஜேர்மனி நிறுத்தியது. இரண்டும் சேர்ந்தே பேசப்பட்டவை. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் அந்தத் தடை மற்ற நாட்டவருக்கும் விரிந்தது. ஒரு நாட்டை வெறுமனே கடந்து போவதற்கான தாள் பெருந்தொகைக் கடனோடு பேரம் பேசப்படும் பொருளாக மாறிய கதைகளில் நமக்கு மிக அருகிலிருப்பது இதுதான். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து காப்பாற்றப்பட்ட 150க்கும் மேற்பட்ட தமிழர்களும் மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டவர்களே.

பிரித்தானியா 1985 மே மாதத்தில் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. ஒரு பொதுநலவாய நாட்டின் மீது அது விசா விதித்தது அதுவே முதல் தடவை. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவிலிருந்து திருப்பி அனுப்பப்படவிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் விமானத் தரிப்பிடத்தில் உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று ஏற மறுத்தார்கள். அந்தப் படம் உலகெங்கும் போனது. நீதிமன்றம் அவர்களின் வெளியேற்றத்தைத் தடுத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் பிரித்தானியப் பாராளுமன்றம் விமான நிறுவனங்களின் பொறுப்புப் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. உரிய தாள் இல்லாத பயணி ஒருவரைக் கொண்டுவந்தால் நிறுவனத்துக்கு 1,000 பவுண் அபராதம். 1991இல் அது 2,000 ஆனது. எல்லைக் காவல் ஹீத்ரோவிலிருந்து புறப்பட்டு கட்டுநாயக்கவின் செக்-இன் கவுண்டருக்கு வந்துசேர்ந்தது இப்படித்தான்.

1996 மார்ச் 4ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் விமான நிலைய மாறுபயணத்துக்குப் பொதுவான பட்டியல் ஒன்றை ஏற்றன. அதில் பத்து நாடுகள். இலங்கை அவற்றில் ஒன்று. அதே ஆண்டு ஜூலையில் ‘சத்ஜெய’ நடவடிக்கை தொடங்கி, செப்டெம்பர் முடிவில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் விழுந்தது. நகரத்துச் சனம் குளக்கட்டுகளாலும் காட்டுப் பாதைகளாலும் ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் வந்துசேர்ந்தது. ஓடவேண்டிய தேவை மிகக் கூடியிருந்த ஆண்டில்தான் ஓடும் வழியின் இடைக்கதவும் சாத்தப்பட்டது. பட்டியலை எழுதியவர்கள் ஸ்கந்தபுரத்தை நினைத்து எழுதவில்லை. அகதி விண்ணப்பங்களின் எண்ணிக்கையைப் பார்த்து எழுதினார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையை உண்டாக்கியது இந்த மண்ணில் நடந்த போர்.

அதே 1996இல், ஜூன் 25ஆம் திகதி, மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. 1992இல் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் 20 நாட்கள் மாறுபயணப் பகுதியில் வைக்கப்பட்டு, பிறகு சிரியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட சோமாலியர்களின் வழக்கு அது. அவர்கள் பிரான்ஸுக்குள் நுழையவில்லை, வேண்டுமானால் திரும்பிப் போயிருக்கலாம் என்று பிரான்ஸ் வாதிட்டது. மாறுபயணப் பகுதி பிரெஞ்சு மண்ணுக்கு வெளியே இல்லை, அங்கே பிரெஞ்சுச் சட்டம் செல்லும், அவர்களின் சுதந்திரம் பறிக்கப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டு ஆண்டு கழித்து, 1998 மே 12இல், லக்சம்பேர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் வேறொரு கேள்விக்குத் தீர்ப்புச் சொன்னது. 1996ஆம் ஆண்டுப் பட்டியலை ஒன்றியம் சரியான சட்ட அடிப்படையில்தான் ஏற்றதா என்று ஐரோப்பிய ஆணைக்குழு வழக்குப் போட்டிருந்தது. மாறுபயண விசாவோடு வருபவர் எல்லையைக் கடப்பதில்லை, ஆகவே அது எல்லையைக் கடப்பதற்கான விசா பற்றிய பிரிவுக்குள் வராது என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அடைத்து வைக்கும்போது அவர் அந்த நாட்டுக்குள் இருக்கிறார். விசாக் கேட்கும்போது இன்னும் வரவில்லை. இரண்டு தீர்ப்புகளும் தத்தம் அளவில் பொருந்துகின்றன என்று சட்டம் படித்தவர்கள் விளக்குவார்கள். அந்த வாங்கில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவருக்கு விளக்குவது கடினம்.

வன்னியில் அந்தக் காலத்தைக் கடந்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாக இராது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வன்னியை விட்டு வெளிக்கிடப் புலிகளின் பாஸ் வேண்டும், பிணை நிற்க ஆள் வேண்டும். வவுனியாவுக்கு வந்தால் படையினரின் பாஸ். எத்தனை நாள் தங்கலாம் என்ற கணக்கு அதில் இருக்கும். சொந்த நாட்டுக்குள் கொழும்புக்குப் போகவே மாறுபயண அனுமதி எடுத்த தலைமுறை அது.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஸ்கந்தபுரத்துச் சனம் மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்த அந்த ஜூலையில், 13ஆம் திகதி, மேலே சொன்ன விசாச் சட்டக்கோவை ஏற்கப்பட்டது. 1996இன் பத்துப் பெயர்களும் அப்படியே அதில் வந்தன. ஸயர் மட்டும் கொங்கோ என்று பெயர் மாறியிருந்தது. பங்களாதேஷும் பாகிஸ்தானும் புதிதாகச் சேர்ந்தன. பிறகு அந்தச் சட்டக்கோவை 2019இல் திருத்தப்பட்டது. இலங்கையின் பெயர் அசையவில்லை. ஒரு நாட்டை இப்பட்டியலில் சேர்ப்பதற்கு அவசரமும் எண்ணிக்கையும் காரணமாகின்றன. எடுப்பதற்கு அப்படி ஒரு உந்துதலும் இல்லை. யாரும் கேட்காவிட்டால் பெயர் இருந்துகொண்டே இருக்கும். இலங்கை அரசு இதைப் பெரிய இராஜதந்திர விடயமாக எடுத்துப் பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மாறுபயணப் பகுதியில் அகப்படுபவர்கள் பெரும்பாலும் கடவுச்சீட்டைத் தவிர வேறு செல்வாக்கு இல்லாதவர்கள். அவர்களுக்காக யார் மெனக்கெடுவார்கள்?

இப்போது மறுபடி கட்டுநாயக்கவின் கவுண்டருக்கு வருவோம். அங்கே நிற்கும் பணியாளர் குடிவரவு அதிகாரி அல்லர். ஆனால் அவர் முன்னால் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் ‘டைமாட்டிக்’ என்ற தரவுத்தளம் இருக்கிறது. கடவுச்சீட்டு எந்த நாடு, போகும் இடம் எது, எங்கே மாறுகிறார், என்ன விசா இருக்கிறது என்று கொடுத்தால் ஏற்றலாமா கூடாதா என்று அது சொல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டுப் பணிப்புரையின்படி, தாள் சரியில்லாத பயணியைக் கொண்டுவரும் நிறுவனத்துக்கு உறுப்பு நாடுகள் விதிக்கும் அபராதத்தில் குறைந்தபட்சம் 3,000 யூரோவாகவோ, உச்சம் 5,000 யூரோவுக்குக் குறையாததாகவோ இருக்கவேண்டும். திருப்பிக் கொண்டுபோகும் செலவும் நிறுவனத்தின் தலையில். இவ்வளவையும் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பணியாளர் யாருக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுப்பார்?

ஒரே சீட்டென்றால் திரையில் ரொறன்ரோ தெரியும். இரண்டு சீட்டென்றால் அவரது நிறுவனத்தின் பயணம் பிராங்பேர்ட்டில் முடிகிறது. கணினிக்கு அம்மா ஜேர்மனிக்குப் போகும் ஆள். இரண்டாவது சீட்டின் அச்சுப்பிரதியைக் காட்டி, கைப்பொதி மட்டும்தான் என்று சொன்னால் சிலர் மேலதிகாரியைக் கேட்டு ஏற்றிவிடுவார்கள், சிலர் ஏற்றமாட்டார்கள். சட்டம் அனுமதிக்கும் பயணமும் கவுண்டரில் நின்றுபோகலாம். அப்படி நின்றால் முறையிட இடமில்லை. மறுத்தது அரசு அல்ல, ஒரு வணிக நிறுவனம்.

இரண்டு சீட்டோடு வருபவர்மேல் கண் விழுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஆட்களை அனுப்பும் முகவர்கள் பயணத்தைத் துண்டாக்குவது பழைய தந்திரம். ஒவ்வொரு நாடும் அடுத்த ஒரு துண்டை மட்டும் பார்க்கும். 2022 நவம்பரில் வியட்நாமுக்கு அருகே கடலில் தத்தளித்து, ஜப்பானியக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்ட 303 இலங்கையர் முதலில் மியன்மாருக்கு விமானத்தில் போனவர்கள், அங்கிருந்துதான் கப்பல். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் கிழவிக்கும் இந்தச் சந்தேகத்தின் நிழல் விழுகிறது. இது நியாயமில்லை. ஆனாலும் நடக்கிறது.

மற்ற விமான நிலையங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் எல்லையைக் கடக்காத மாறுபயணம் என்று ஒன்றே கிடையாது. அங்கே இறங்கினால், ஒரே சீட்டாக இருந்தாலும், மாறுபயண விசாவோ வேறு விசாவோ வேண்டும். கனடாவும் இலங்கையரிடம் மாறுபயண விசா கேட்கிறது, கட்டணம் இல்லை. சிங்கப்பூருக்கு இலங்கையருக்கு விசா தேவையில்லை என்பதால் இரண்டு சீட்டுக்காரருக்கு அது ஆபத்துக் குறைந்த இடம். கோலாலம்பூர் அப்படியல்ல. அங்கே மலிவு விமானங்கள் 2014இல் திறந்த இரண்டாவது முனையத்துக்கு வரும், மற்றவை முதலாவதில். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகக் குடிவரவைக் கடந்து வெளியே வந்து போகவேண்டும், இலங்கையருக்கு மலேசிய விசாவும் வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கு மலிவாகப் போகத் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சீட்டில் நேரே போய்விடுவதால் இந்தச் சிக்கலில் அகப்படுவது குறைவு.

வன்னிக்குச் சொந்தமான மாறுபயணச் சிக்கல் பலாலியில் இருக்கிறது. 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் எயாரின் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12இல் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பர் முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கிறது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியும் சேர்ந்தது. ஸ்கந்தபுரத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வான் பிடித்து இரவு முழுக்க ஓடவேண்டும். பலாலியோ பூநகரியால் ஏறி சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்தால் நூறு கிலோமீற்றருக்குள். சென்னையிலிருந்து உலகின் பெரிய நகரங்களுக்கெல்லாம் இணைப்பு இருக்கிறது. பலாலி–சென்னை ஒரு சீட்டு, சென்னை–லண்டன் இன்னொரு சீட்டு என்று யோசிக்காத குடும்பம் வடக்கில் இருக்காது.

இந்தியாவின் விதி சாதாரணமானது. விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து, உறுதியான சீட்டோடு 24 மணித்தியாலத்துக்குள் வேறு நாட்டுக்குப் போகிறவருக்கு விசா தேவையில்லை. ஆனால் அறுபது எழுபது பேர் ஏறும் சிறிய விமானத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கி, தொடர்பற்ற வேறொரு நிறுவனத்தின் பெரிய விமானத்தில் ஏறுபவரின் பொதி சென்னையோடு நின்றுவிடும். அதை எடுக்க இந்தியாவுக்குள் நுழையவேண்டும். நுழைய விசா வேண்டும். நல்ல வேளையாக இலங்கையருக்கு 2015 ஏப்ரலிலிருந்து இந்தியாவின் இணையவழிச் சுற்றுலா விசா கிடைக்கிறது. ஆகவே இந்தப் பாதை அடைபட்டதல்ல. அதன் செலவையும், விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாட்களையும் சீட்டின் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்கவேண்டும். இந்தியத் தூதரகத்தில் எடுக்கும் மாறுபயண விசாவும் இருக்கிறது. அது கொடுத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குத்தான் செல்லும், தங்கக்கூடியது மூன்று நாள். முன்கூட்டியே எடுத்து வைப்பவர்களுக்கு அது காலைவாரும்.

எதிர்த்திசையில் வருபவர்களுக்கும் இதே கதவுதான். 2023 செப்டெம்பர் 21இல், இந்தியாவுக்கும் கனடாவுக்கும் இடையில் மூண்ட தகராறில் கனடியருக்கு விசா வழங்குவதை இந்தியா நிறுத்தியது. இணையவழி விசா நவம்பர் 22இல்தான் திரும்பவும் வந்தது. சென்னை வழியாகப் பலாலிக்குத் தனிச் சீட்டுகள் போட்டிருந்த கனடியக் கடவுச்சீட்டுத் தமிழர், உலகிலேயே வலிமையானவற்றில் ஒன்று என்று நினைத்திருந்த அந்தக் கடவுச்சீட்டோடு, ஸ்கந்தபுரத்துத் தாய் நிற்கும் அதே இடத்தில் அந்த இரண்டு மாதங்கள் நின்றார்கள். இடையிலிருக்கும் நாடு எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம்.

விசாப் பக்கம் சரியாக இருந்தாலும் பணப்பக்கம் இருக்கிறது. முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால், ஒரே சீட்டில் நிறுவனம் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடவேண்டும். இரண்டு சீட்டில் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். போக்கும் வரவும் சேர்த்து வாங்கிய சீட்டென்றால் திரும்பி வரும் பகுதியையும் பெரும்பாலும் இரத்துச் செய்துவிடுவார்கள். ஐரோப்பாவில் தாமதத்துக்கான நட்டஈட்டுச் சட்டமும் முன்பதிவைத்தான் பார்க்கிறது. பெர்லினிலிருந்து கசபிளாங்கா வழியாக மொரோக்கோவின் அகாதிருக்குப் போன ஒரு பயணியின் வழக்கில், ஒரே முன்பதிவில் போட்ட இரண்டு விமானங்களும் ஒரே பயணம்தான், விமானம் மாறியதால் அது துண்டாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் சொன்னது. தனித்தனி முன்பதிவுக்காரருக்கு அந்தக் குடை இல்லை. கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் ரிக்கெற் போடும் முகவர்கள் சிலர் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள்; சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். காசு கட்ட முன்னர் கேட்கவேண்டியது இதுதான்: முன்பதிவு இலக்கம் ஒன்றா இரண்டா, பொதி எந்த ஊரில் கைக்கு வரும், அந்த ஊரில் முனையம் மாறவேண்டுமா.

கனடாவுக்குப் போகும் தாய்க்கு பிராங்பேர்ட்டுக்குப் பதிலாக லண்டன் வழியாகச் சீட்டுப் போட்டிருந்தால் கதை வேறு. பிரித்தானியாவும் இலங்கையரிடம் மாறுபயண விசா கேட்கும் நாடுதான். ஆனால் கனடா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து விசா உள்ளவர் அந்த நாட்டுக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ லண்டனில் மாறினால் விலக்குண்டு. அந்த விலக்கு எல்லைக்கு அப்பாலும் நீள்கிறது. உறுதியான அடுத்த சீட்டைக் காட்டினால், அதிகாரியின் விருப்பத்துக்கு உட்பட்டு, உள்ளே வந்து பெட்டியை எடுத்து, மறுநாள் நள்ளிரவுக்குள் புறப்படலாம். ஒரே கனடிய விசாவுக்கு இரு நகரங்களில் இரண்டு மதிப்பு.

திரும்பி வரும்போது இது தலைகீழாகலாம். கனடாவின் சுப்பர் விசாவில் போகும் பெற்றோர் 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். கடவுச்சீட்டின் காலத்தைத் தாண்டி விசா கொடுக்கமாட்டார்கள் என்பதால், அங்கே இருக்கும்போதே விசா காலாவதியாவதும் நடக்கும். அப்படி ஒரு தாய் இரண்டு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பினால், ஐரோப்பியச் சட்டம் அவர் அந்த விசாவைப் பயன்படுத்திவிட்டுத் திரும்புகிறார் என்பதை மட்டும் பார்க்கும். பொதி கொழும்பு வரை பதிந்திருந்தால் பிராங்பேர்ட்டில் ‘ஏ’ விசா இல்லாமலே மாறலாம். பிரித்தானியாவின் 2014ஆம் ஆண்டு மாறுபயண விசா ஆணையோ, விசா செல்லுபடியாகாதவர் கனடாவுக்குள் கடைசியாக நுழைந்து ஆறு மாதத்துக்குள் இருந்தால்தான் விலக்குத் தரும். போகும்போது பெட்டியை எடுக்கக்கூட உள்ளே விட்ட ஹீத்ரோவில், வரும்போது மாறுபயண வாங்கில் உட்காரவும் அவர் ரொறன்ரோவிலிருந்தே விசாவுக்கு விண்ணப்பித்து எடுத்திருக்க வேண்டும்.